சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பழைய குடிநீர் ஏற்பாடுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மணலில் கோட்டை கட்டியதில் தொடங்கி, பூண்டி நீர்த்தேக்கம் வந்ததோடு இந்தப் பக்கம் முடிகிறது. கிருஷ்ணா நீர், வீராணம், கடல்நீரைக் குடிநீராக்குவது எல்லாம் பிற்காலக் கதை. அதற்குள் போகவில்லை.

சென்னையில் முதன்முதலாகக் குழாயில் தண்ணீர் வந்தது எந்த ஆண்டு?

எந்தச் சென்னைக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு 1772. கோட்டைக்கு வெளியே இருந்த ஊருக்கு 1872. நடுவில் சரியாக நூறு ஆண்டு. பல கட்டுரைகளில் 1772-ஐப் போட்டு “சென்னை மக்களுக்குக் குடிநீர் வழங்கிய முதல் திட்டம்” என்று எழுதிவிடுகிறார்கள். ஊர் மக்களின் நிலத்தில் ஊறிய தண்ணீர் கோட்டைக்குப் போனது என்று எழுதினால்தான் அது சரி. தலைமுறை கணக்கில் பார்த்தால், தண்ணீர் தங்கள் தெருவைத் தாண்டிப் போவதை நான்கு தலைமுறை பார்த்திருக்கிறது.

அதற்கு முன்னால் ஊர் எதைக் குடித்தது?

கிணற்று நீரைத்தான். சென்னையின் கடலோரம் மணல் பூமி. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்தபடி நிற்கும். நல்ல நீர் எடை குறைந்தது, அதனால் மேலே தங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம் வரை உப்பு நீரை அது தள்ளி வைக்கும் என்பது பொதுக் கணக்கு. அதை மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். “முன்னெல்லாம் எங்க கிணத்துத் தண்ணி கல்கண்டா இருக்கும், இப்ப கரிக்குது” என்று கடலோரப் பேட்டைகளில் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

வசதியுள்ளவர்கள் வீட்டில் கிணறு வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குப் பொதுக் கிணறு, கோயில் குளம். அங்கேயும் யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. ஐரோப்பியர் வீடுகளுக்கும் படைக்கும் தோல் பையில் தண்ணீர் சுமந்து தரும் பிஸ்திகள் இருந்தார்கள். மாட்டின் முதுகில் இரு பக்கமும் பெரிய தோல் பைகளைத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதும் உண்டு. லாரித் தண்ணீருக்கு மூதாதை என்று அந்த மாட்டைச் சொல்லலாம்.

கூவமும் அடையாறும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றனவே, அவற்றின் தண்ணீரை ஏன் எடுக்கவில்லை?

ஊருக்குள் வரும் இடத்தில் இரண்டுமே ஏறக்குறைய கழிமுகம். ஆண்டில் பெரும்பகுதி நீரோட்டம் இருக்காது, முகத்துவாரம் திறந்தால் கடல் நீர் உள்ளே ஏறும். கூவம் பிற்காலத்தில் சாக்கடையானது வேறு சங்கதி. அது சுத்தமாக இருந்த நாளிலும் கோட்டைப் பக்கத்தில் குடிக்கத் தோதான நீர் அதில் ஓடியிருக்காது.

ஏழு கிணறு என்பது உண்மையிலேயே ஏழா?

வெட்டியது பத்து. ஒழுங்காக நீர் தந்தது ஏழு. அந்த ஏழுதான் பெயராக நின்றுவிட்டது. கோட்டைக்கு வடக்கே, பெத்தநாயக்கன்பேட்டையில், கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டத்தின்படி தோண்டினார்கள். நீராவி எஞ்சின் இங்கே வந்திராத காலம். ஆள் பலத்தால் இறைத்து, தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து குழாய் வழியாகக் கோட்டைக்கு அனுப்பினார்கள்.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,40,000 காலன் கிடைத்தது. லிட்டரில் சொன்னால் 6.35 லட்சம். இன்று தெருவில் வந்து நிற்கும் 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 53 லாரி. ஒரு கோட்டைக்கு இது தாராளம்.

வள்ளலார் இளம் வயதில் வாழ்ந்த வீராசாமிப் பிள்ளைத் தெரு இதே ஏழு கிணறு பகுதியில்தான் இருக்கிறது. அவர் 1858 வரை சென்னையில் இருந்தார். அவர் இங்கிருந்து கிளம்பிய காலத்திலும் அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்து வீடுகளுக்குக் குழாய் வரவில்லை.

கம்பெனி திடீரென்று இந்தச் செலவை ஏன் செய்தது?

பயம்தான் காரணம் என்பது என் எண்ணம். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைக் கைப்பற்றினார், 1759 பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டார். 1769-ல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்து உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மூன்றே ஆண்டில் ஏழு கிணற்றுத் திட்டம் வருகிறது.

முற்றுகையில் கோட்டையை விழவைக்க பீரங்கி வேண்டியதில்லை, தாகம் போதும். நல்ல கிணறுகள் கோட்டைக்கு வெளியே இருக்க, எதிரி அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை லாலி காட்டிவிட்டார். அதனால்தான் அதே காலத்தில் கறுப்பர் நகரத்தைச் சுற்றியும் மதில் எழுப்பினார்கள். அந்த மதிலுக்காக விதிக்க நினைத்த வரியின் (வால் டாக்ஸ், அதாவது மதில் வரி) பெயர்தான் இன்றும் வால்டாக்ஸ் சாலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதில் ஊரைக் காப்பாற்றக் கட்டியது என்பார்கள். ஊரோடு சேர்த்துக் கோட்டையின் கிணறுகளையும் அது காப்பாற்றியது.

அந்த நூறு ஆண்டில் ஊருக்காக யாருமே எதுவும் செய்யவில்லையா?

ஒருவர் செய்தார், அதுவும் அழகாகச் செய்தார். பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1810 முதல் சென்னையின் கலெக்டர். தமிழில் ஆழ்ந்து, தன் பெயரையே எல்லீசன் என்று ஆக்கிக்கொண்டவர். 1818-ல் ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது 27 கிணறுகள் வெட்டினார். வெட்டியதைத் தமிழ்ச் செய்யுளில் கல்லிலும் பொறித்தார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றுக்கு வைத்த கல்வெட்டில் ‘இருபுனலும்’ என்று தொடங்கும் திருக்குறளை எடுத்துச் சொல்லி, அதன் பொருளை மனத்துள் ஆய்ந்து இருபத்தேழு ‘துரவு’ கண்டதாக வருகிறது. மேல்நீர், கீழ்நீர், மலை, மலையிலிருந்து வரும் ஆறு, அரண் ஆகியவை நாட்டுக்கு உறுப்பு என்பது அந்தக் குறள். அரசாங்க அதிகாரி ஒருவர் கிணறு வெட்டக் குறளைக் காரணம் காட்டியது வேறெங்கும் நடந்ததா, நினைத்துப் பார்க்கிறேன், எதுவும் தட்டுப்படவில்லை.

துரவு என்றால் பெருங்கிணறு. “தோட்டம் துரவு” என்று நாம் சேர்த்துச் சொல்கிறோமே, அதே துரவுதான். எல்லீசன் மறு ஆண்டே, 1819-ல், இறந்துபோனார். அவருடைய கிணறுகள் பெரிய கொடைதான். ஆனால் தோண்டிய இடத்தில் ஊறும் நீரை நம்பிய ஏற்பாடு அது. வேறோர் இடத்து நீரை ஊருக்குக் கொண்டுவரும் யோசனைக்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த யோசனை யாருடையது?

ஃப்ரேசர் என்ற சிவில் எஞ்சினியருடையது. 1866-ல் திட்டத்தின் வரைவை எழுதினார். ஊருக்கு வடமேற்கே ஓடி எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டால் மறித்து, நீரைக் கால்வாயில் சோழவரம் ஏரிக்குத் திருப்ப வேண்டும். அங்கிருந்து இன்னொரு கால்வாய் செங்குன்றம் ஏரிக்கு. செங்குன்றத்திலிருந்து ஊருக்கு. எங்கேயும் பம்பு கிடையாது. எல்லாமே சரிவில் தானாக ஓடி வரவேண்டும்.

முன்பெல்லாம் செய்தித்தாள்களில் ஏரி நிலவரம் போடும்போது பூண்டி 140 அடி, புழல் (செங்குன்றம் ஏரியின் இன்னொரு பெயர்) 50.20 அடி என்று இருக்கும். “புழல் ஏரி ஐம்பதடி ஆழமா?” என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. அது ஆழமல்ல, கடல் மட்டத்துக்கு மேலே நீர் நிற்கும் உயரம். பிற்காலத்தில் சேர்ந்த பூண்டி 140, சோழவரம் 65 அடிக்குப் பக்கம், புழல் 50 என்று படிப்படியாக இறங்குவதைப் பார்த்தால் திட்டத்தின் எலும்புக்கூடே தெரிந்துவிடும். ஆழம் வேண்டுமென்றால் புழல் சுமார் 21 அடி.

கொசஸ்தலை வற்றாத ஆறு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஓடும், அப்புறம் மணல் தெரியும். எனவே ஆறு வெறும் வழிதான், உண்மையான ஆதாரம் ஏரிகள். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்துவைத்து அடுத்த மழை வரை ஓட்ட வேண்டும். இன்றைக்கும் பொய்த்த வடகிழக்குப் பருவமழைக்கு அடுத்த கோடையில் சென்னை திண்டாடுவதற்கு அன்று போட்ட இந்தக் கோலம்தான் அடிப்படை.

புழல் ஏரியும் செங்குன்றம் ஏரியும் ஒன்றா?

ஒன்றுதான். ஆங்கிலத்தில் ரெட் ஹில்ஸ்.

1872-ல் தண்ணீர் ஊருக்குள் எப்படி வந்தது?

1872 மே 13-ஆம் தேதி முறைப்படி திறந்தார்கள். கத்திரி வெயில் காலம், ஊர் எப்படி வரவேற்றிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் சென்னையில் இருந்தவர்கள் நான்கு லட்சத்துக்குச் சற்றே குறைவு.

செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை பத்துப் பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு திறந்த மண் கால்வாய். அது கீழ்ப்பாக்கத்தில் செங்கல் கட்டடமான ஒரு கிணறு போன்ற தொட்டியில் போய் விழும். ‘ஷாஃப்ட்’ என்பார்கள். அதிலிருந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் பிரிந்து தெருக்களுக்குப் போயின. சரிவை மட்டுமே நம்பியதால் அழுத்தம் குறைவு. கீழ்த்தளத்துக் குழாயில் வரும், மாடிக்கு ஏறாது.

இந்தத் திட்டத்தின் பெயரிலேயே ‘நீர் வழங்கல்’ என்பதோடு ‘பாசனம்’ என்ற சொல்லும் இருந்தது. ஒரே ஏரி நீரில் நெல்லும் விளைய வேண்டும், ஊரும் குடிக்க வேண்டும். வயலும் நகரமும் ஒரே மடையில் போட்டி போடுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

வடிகட்டாத தண்ணீரையா குடித்தார்கள்?

ஆமாம், ஏரியில் இருந்தது அப்படியே. ஏரியிலாவது கசடு கொஞ்சம் அடியில் தங்கும். அதன் பிறகு திறந்த கால்வாய். மாடு இறங்கும், ஆள் குளிப்பார், துணி துவைப்பார், மழையில் கரையோர அழுக்கெல்லாம் அடித்து வரும். கீழ்ப்பாக்கம் வந்து சேரும்போது ஏரித் தண்ணீரைவிட மோசமாக இருந்திருக்கத்தான் வாய்ப்பு.

“அந்தக் காலத்தில் கிருமி பற்றித் தெரியாதே” என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பாதி சரி. காலராக் கிருமியை ராபர்ட் கோச் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது 1884-ல்தான். ஆனால் காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ லண்டனில் ஒரு தெரு அடிபம்பை வைத்துக் காட்டியது 1854-ல். லண்டனில் மணல் வடிகட்டி அதற்கும் முன்பிருந்தே உண்டு. கல்கத்தாவுக்கு ஹூக்ளி ஆற்று நீரைப் பல்தாவில் வடிகட்டி அனுப்பும் ஏற்பாடு 1870-வாக்கிலேயே வந்துவிட்டது. ஆக, வடிகட்ட வேண்டும் என்பது தெரிந்த சங்கதிதான். சென்னைக்கு அந்தச் செலவைச் செய்யவில்லை. ஊருக்குத் தண்ணீர் கிடைத்தது 1872-ல், நல்ல தண்ணீர் கிடைத்தது அதற்கும் 42 ஆண்டு கழித்து.

மேட்லி சாலை, மேட்லி சப்வே என்கிறோமே, அந்த மேட்லி யார்?

அந்த 42 ஆண்டை முடித்துவைத்தவர். ஜே.டபிள்யூ. மேட்லி, சென்னை மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர். 1907 முதல் திட்டமிட்டு, 1914-ல் ஓடவிட்டார். தி.நகரில் இருக்கும் சாலைக்கு அவர் பெயர். மழை பெய்தால் தண்ணீர் தேங்குவதற்குப் பேர்போன ஒரு சப்வேக்கு நீர் வழங்கல் எஞ்சினியரின் பெயர் அமைந்தது ஊரின் குசும்பு.

அவர் செய்ததில் முதல் வேலை, திறந்த கால்வாயை விட்டுவிட்டுச் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை மூடிய செங்கல் வழி கட்டியது. என்னைக் கேட்டால் வடிகட்டியைவிட இதுதான் முக்கியம். அழுக்கை எடுப்பதற்கு முன்னால் அழுக்கு சேராமல் தடுத்தார். பிறகு கீழ்ப்பாக்கத்தில் 14 மணல் வடிகட்டிப் படுகைகள், வடிகட்டிய நீருக்கு நிலத்தடித் தொட்டிகள், நீராவியில் ஓடும் பம்புகள், உயரத்தில் ஓர் இரும்புத் தொட்டி. பம்பும் தொட்டியும் வந்ததால் சரிவை மட்டும் நம்பியிருந்த நிலை மாறியது.

மணல் எப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது?

மணல் மட்டும் செய்வதில்லை. கீழே கூழாங்கல், மேலே சுமார் ஒரு மீட்டர் தடிமனில் நுண்மணல், அதன் மேல் நிற்கும் நீர். மணிக்குப் பத்திருபது சென்டிமீட்டர் வேகத்தில் நீர் கீழே இறங்கும், அவ்வளவு மெதுவாக. சில நாளில் மணலின் மேற்பரப்பில் வழவழப்பான ஒரு படலம் பிடிக்கும். நுண்ணுயிர்களால் ஆன படலம் அது. தண்ணீரில் வரும் நோய்க்கிருமிகளைப் பெரும்பாலும் பிடித்துத் தின்பது இதுதான். பார்க்க அருவருப்பாக இருக்கும் அந்தப் பாசியே வேலைக்காரன்.

படலம் கெட்டியாகிவிட்டால் நீர் இறங்காது. அப்போது படுகையை வடியவிட்டு, ஆட்கள் இறங்கி மேல்மணலைச் சுரண்டி எடுப்பார்கள். மறுபடி படலம் பிடிக்கும் வரை அந்தப் படுகை சும்மா இருக்கும். பதினான்கு படுகைகள் இருந்தால்தான் சில ஓய்வில் இருக்க, மற்றவை ஊரைத் தாங்கும். பூச்சி பிடித்த ஏரி நீர் வந்தாலும் மருந்து எதுவும் இல்லாமல் தெளிய வைக்கும் இந்த முறைக்கு ஒரே குறை, இடம். இன்றைய நகர நிலவிலையில் யாரும் இதை யோசிக்க மாட்டார்கள்.

இவ்வளவு செய்தும் ஊருக்கு ஏன் பற்றாமல் போனது?

மேட்லியின் கணக்கு இது. 1961-ல் சென்னையில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், தலைக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது 114 லிட்டர் தரவேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன்னோக்கிப் போட்ட கணக்கு, அந்த நாளில் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. 1901-ல் 5.09 லட்சமாக இருந்த ஊர் 1911-ல் 5.18 லட்சம்தான் ஆகியிருந்தது. அந்த வேகத்தைப் பார்த்து யார் போட்டாலும் இதைவிடப் பெரிய எண் வந்திருக்காது.

ஆனால் 1941-லேயே 7.77 லட்சம். 1961-ல் 17.29 லட்சம். நடுவில் 1946-ல் மாநகராட்சி எல்லை விரிந்ததும் இதில் அடக்கம், எல்லாப் பழியையும் மேட்லி தலையில் போட முடியாது. அவர் திட்டமிட்ட அதே தண்ணீரை 1961-ல் இருந்தவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 44 லிட்டர்கூடத் தேறாது.

தெருக்குழாய் ஊரை எப்படி மாற்றியது?

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். கிணற்றடி என்ற சொல் பழையது. அதன் அச்சிலேயே குழாயடி பிறந்தது, அதற்கப்புறம் ‘குழாயடிச் சண்டை’ வந்தது. கிணற்றில் எப்போது வேண்டுமானாலும் இறைக்கலாம். குழாயில் வரும்போதுதான் பிடிக்க முடியும். நேரம் என்ற ஒன்று தண்ணீரோடு சேர்ந்துகொண்டதால் வரிசை வந்தது, குடத்தை வரிசையில் வைத்து இடம்பிடிக்கும் வழக்கம் வந்தது, விடிகாலையில் எழுந்திருப்பது பெண்கள் தலையில் விழுந்தது. சட்டசபையில் கூச்சல் எழுந்தால்கூட “குழாயடிச் சண்டை மாதிரி” என்று எழுதுகிறார்கள். குழாயடியில் நின்றவர்களுக்கு அது அநியாயம். அங்கே சண்டை ஒரு குடம் குடிதண்ணீருக்காக.

‘கார்ப்பரேஷன் தண்ணீர்’ என்ற பேச்சும் அப்போது வந்ததுதான். குடிக்க, சமைக்கக் கார்ப்பரேஷன் தண்ணீர், மற்றதுக்குக் கிணற்றுத் தண்ணீர் என்று வீடுகள் இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டன. மெட்ரோ வாட்டரும் போர்வெல் தண்ணீருமாக இன்றும் அந்தப் பிரிவினை தொடர்கிறது.

பூண்டி ஏரிக்குச் சத்தியமூர்த்தி பெயர் ஏன்?

தீரர் சத்தியமூர்த்தி 1939-40-ல் சென்னை மேயராக இருந்தார். ஊர் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்ட நேரத்தில், காங்கிரஸ்காரரான மேயர், பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் வாதாடி ஒரு நீர்த்தேக்கத்துக்கு ஒப்புதல் வாங்குவது லேசான வேலையா? 1940-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1944-ல் வேலை முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். பின்னர் அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள்.

கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கத்துக்கும் மேலே இருக்கிறது பூண்டி. ஃப்ரேசரின் அணைக்கட்டு நீரைத் திருப்பியது, பூண்டி நீரைத் தேக்கியது. முன்பு வெள்ளம் வரும்போது கால்வாய் கொள்ளும் அளவுதான் ஏரிக்குப் போகும், மீதி எண்ணூர் வழியே கடலுக்கு. பூண்டி வந்தபின் அந்த மீதியில் ஒரு பங்கு கைக்கு வந்தது. இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, புழலின் 3,300-க்குக் கொஞ்சமே குறைவு.

மெட்ரோ வாட்டர் என்ற பெயர் எப்போது வந்தது?

சென்னைக் குடிநீர் வாரியத்துக்காக 1978-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு. அதுவரை குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் பொறுப்பு. அதனால்தான் வயதானவர்கள் இன்னமும் கார்ப்பரேஷன் தண்ணீர் என்கிறார்கள்.

இதில் எதையாவது இன்று நேரில் பார்க்க முடியுமா?

ஏரிகள் மூன்றும் வேலையில் இருக்கின்றன. செங்குன்றம் போகும் வழியில் பேருந்தின் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் புழல் கரையைப் பார்த்தபடியே போகலாம். ஏழு கிணறு ஒரு தெருவாகவும் காவல் நிலையமாகவும் பேட்டையின் பெயராகவும் மிச்சம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அதே இடத்தில்தான். அங்கே போக வேண்டுமானால் ஆட்டோக்காரரிடம் “வாட்டர் ஒர்க்ஸ்” என்று சொல்லுங்கள், போதும்.